கராஜில் கட்டிய விமானம்

மரப்பலகையை இழைக்கும்போது வரும் மணம் எனக்கு எப்போதும் பிடிக்கும். டண்டினொங்கில் என் வீட்டுக் கராஜில் ஆறு வருடமாக அந்த மணம் இருந்தது. நானும் சிறிதரனும் அங்கேதான் விமானத்தைக் கட்டினோம். இரண்டு பேர் அமரக்கூடியது. மரச்சட்டம், துணி போர்த்திய சிறகுகள், பழைய கார் ஒன்றின் எஞ்சின்.

பகலில் இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. மாலையில் அவன் மனைவி பவளம் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிடுவாள். நான் கலியாணம் செய்யவில்லை. பார்வைக் குறையால் விமானம் ஓட்ட அனுமதியும் கிடைக்கவில்லை. அதற்காக நான் வருந்தியதில்லை. கட்டுவதே எனக்குப் போதும்.

எழுபத்தாறில் அது பறந்தது. அடுத்த வருடம் சிறிதரனுக்குச் சிட்னியில், செவன் ஹில்ஸில், நல்ல வேலை கிடைத்தது.

“பறந்தே போகப்போறன் மச்சான். நீயும் பிறகு அங்கை வாவன்.”

“ஓம், பாப்பம்,” என்றேன். வீட்டுக்குப் போய்க் கராஜைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

விமானம் நின்ற ஓடுபாதைக்கு அப்பால் கொஞ்சம் மரங்கள், அவற்றைத் தாண்டி ஆடு மேயும் புல்வெளிகள். எஞ்சின் நின்றாலும் நேரே இறங்கிவிடலாம். சக்கரங்கள் உடையும், புரொப்பெல்லர் உடையும். திருத்தி முடிக்க வருடக்கணக்காகும். அதுவரை அவன் இங்கே இருப்பான்.

ஈரமான குளிர்காலையில் கார்பரேட்டருக்குள் பனி கட்டி எஞ்சினை அடைத்துவிடும். அதைக் கரைக்கச் சூடான காற்றைத் திறந்துவிடும் கம்பி ஒன்று உண்டு. அதன் ஒரு முனையை நான் கழற்றிவிட்டேன். மோதலில் கழன்றது என்று விபத்தை விசாரித்த நீங்கள் முடிவு செய்தீர்கள். அப்படித்தான் தோன்றும்.

பவளம் ரயிலில் போவதாக இருந்தது. புறப்படும் நாள் காலை ஓடுபாதைக்குப் பையோடு வந்து நின்றாள்.

“இவர் தனியப் பறக்க, நான் ரயிலுக்குள்ளை இருந்து பயந்துகொண்டு போகேலாது அண்ணை. நானும் ஏறுறன்.”

அவளுக்கு இருக்கைப் பட்டியை நான்தான் மாட்டினேன்.

“இறுக்கமோ?”

“இல்லை அண்ணை, காணும்.”

எஞ்சின் நின்றால், இரண்டு பேரின் பாரத்தோடு அது புல்வெளிவரை மிதக்காது என்று எனக்குத் தெரியும். மறித்திருக்கலாம். மறித்தால் சிறிதரன் ஏன் என்று கேட்பான். கதவைச் சாத்தினேன்.

மரங்களுக்கு மேலே எஞ்சின் இருமியது, பிறகு நின்றது. அவன் ஓடுபாதைக்குத் திரும்ப முயலவில்லை. மூக்கைத் தாழ்த்தி, நேரே, மிக அழகாக இறக்கினான். வேலியோரத்தில் ஒரு யூகலிப்டஸ் மரம் நின்றது. வலது பக்கம் அதில் மோதியது. பவளம் வலது பக்கத்தில் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சிறிதரன் என் கையை விடவில்லை.

“கம்பியை இழுத்தனான் மச்சான். பிந்தி இழுத்திட்டன் போலை. நான்தான் அவளைக் கொன்றனான்.”

நாள்தோறும் அதையே சொல்கிறான். சாப்பிடுவதில்லை. அதனால்தான் நானாக உங்களிடம் வந்தேன். அவன் பிந்தவில்லை. அவன் நல்ல விமானி. அதை அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.

கொஞ்ச நாள் என்னோடு கோபமாக இருப்பான். அது நியாயம்தான். ஆனால் அவனுக்கும் இப்போது சிட்னிக்குப் போக அவசரமில்லை. இடது சிறகில் பழுதொன்றும் இல்லை; அதை நனையவிடாமல் வைத்திருங்கள், நாங்கள் இருவரும் வந்து எடுத்துக்கொள்கிறோம்.