விசிறித்தொண்டை ஓணானின் தேவைகள்

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டான் என்று ஆட்களைக் கேலி செய்வார்கள். நான் அதையே சம்பளத்துக்குச் செய்தவன். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். கல்பாத்தியில் பிறந்து, வாளையார்ப் பொட்டலில் ஓணானுக்காகக் குப்புறப் படுத்துக் கிடந்தவன் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருவன்தான்.

விசிறித்தொண்டை ஓணானை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், இன்ஸ்பெக்டர். விரல் நீளம் இருந்தால் அதிகம். ஆண் ஓணான் கல்மேல் ஏறித் தொண்டையை விரித்தால் நீலமும் சிவப்புமாக ஒரு விசிறி. என் கல்யாணத்தில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அவை வருஷத்துக்கு வருஷம் குறைவதாக என் கணக்கு. பொட்டலில் ஆடு மேய்க்கும் குப்பண்ணனின் வெள்ளாடுகள் புல்லை மொட்டையாக மேய்ந்துவிடுவதால் ஒளிய இடமில்லாமல் அழிகின்றன என்று முடிவு கட்டினேன். படித்தவன் முடிவு கட்டிவிட்டால் அப்புறம் பேச்சு ஏது? வேறு பக்கம் ஓட்டிப் போகச் சொல்லிப் பலமுறை கேட்டேன். வேற பக்கம் ஏதுங்க சாமி என்று அவன் சிரித்தான்.

எழுபத்து நாலு கோடையில், ஆடுகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியில் பூச்சிமருந்தைக் கலந்தேன். ஆடுகளுக்காகத்தான். ஒளிக்கவும் இல்லை. தொட்டியில் மருந்து கலந்திருக்கிறேன் என்று அவன் மனைவி செல்லாத்தாளிடம் நானே சொன்னேன். பயிருக்கு அடிக்கும் விஷத்தை எல்லோரும் மருந்து என்றுதானே சொல்கிறோம்? ஆனால் அப்போது ஆடுகளுக்குக் கழிச்சல் கண்டிருந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆடு குடிக்கலாமுங்களா சாமி?"

"தாராளமா," என்றேன்.

அவள் புருஷனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். குப்பண்ணனுக்கு நெடுநாளாக வயிற்று வலி. ஆடுகளை விடுவதற்கு முன் அவனே தொட்டியில் குனிந்தான்.

"ஆட்டுக்குக் கேக்கற மருந்து எனக்குக் கேக்காதா?" என்று தன் கிடாயிடம் சொன்னான்.

நான் கூப்பிடு தூரத்தில்தான் படுத்திருந்தேன். கூப்பிடவில்லை. என் எதிரில் ஓர் ஓணான் அப்போதுதான் விசிறியை விரிக்கத் தொடங்கியிருந்தது. சத்தம் போட்டிருந்தால் ஓடியிருக்கும்.

அவன் விழுந்ததில் ஆடுகள் மிரண்டு ஓடிவிட்டன. ஒன்றுகூடத் தொட்டியில் வாய் வைக்கவில்லை. என் சாமர்த்தியம் அப்படி. பக்கத்தில் முனியப்பன் கல் இருந்ததால், முனி அடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. சாமி கொடுத்த மருந்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் ஆடு வரவில்லை. மழை பெய்தது, புல் இடுப்பளவு வளர்ந்தது, ஓணான்கள் போய்விட்டன. அவற்றுக்கு ஓடித் திரிய வெறுந்தரை வேண்டும். தின்னக் கறையானும் வண்டும் வேண்டும். அவை ஆட்டுப் புழுக்கைக்கு அடியில்தான் அங்கே மண்டிக் கிடந்தன. ஆடுதான் இத்தனை நாளும் ஓணானுக்குச் சோறு போட்டிருக்கிறது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஒருவனே இரண்டு பங்கும் செய்து முடித்தேன்.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். முனிக்குப் பயந்து செல்லாத்தாள் ஆடுகளை வீட்டோடு கட்டிப் போட்டிருக்கிறாள். அடித்தது முனி இல்லை, மருந்து வைத்துக் கொன்றவன் நான்தான் என்று நீங்கள் சொன்னால் நம்புவாள். தூக்கானாலும் சரி, அவள் ஆடுகளை மறுபடி பொட்டலுக்கு ஓட்டி வரவேண்டும். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.