நாலு பாம்புக்கு எத்தனை கூடு

— திரும்பச் சொல்லு ரெக்சன். ஆறடி நீளம், நாலு பக்கமும் கண்ணாடி, மேல மூடி, உள்ள ஊதா லைட்டு. இதுவரைக்கும் வெளங்கிட்டு. உள்ள எந்தச் சுரூபம் வைக்கப் போற? மாதாவா, அந்தோணியாரா?

— சுரூபம் இல்ல டிக்சன் அண்ணே. பாம்பு.

— எது, மாதா காலுக்குக் கீழ கெடக்குமே, அதுவா?

— உசிரோட உள்ள பாம்பு அண்ணே. வீட்டுல நாலு வளக்கேன்.

— நானும் இந்தப் பட்டறையில எத்தனையோ சுரூபக் கூடு செஞ்சிட்டேன். மாதாவ விட்டுட்டு அவுக மிதிக்கிறத மட்டும் உள்ள வச்சு லைட்டுப் போடணும்னு ஒருத்தனும் கேட்டதில்ல. ஏம்மா விஜிலா, ஒம் புருசன் கப்பல்ல இருந்து எறங்கும்போது தலையில எதும் அடிபட்டுச்சா?

— இல்லண்ணே. ஏறும்போதே அப்பிடித்தான்.

— ஏளா, சும்மா இரு. அண்ணே, ரெண்டு பால் பைத்தான், ரெண்டு கார்ன் ஸ்நேக். வெளிநாட்டுச் சாதி, வெசம் கெடையாது. முறையாப் பதிஞ்சிருக்கேன். பாரஸ்ட்காரன் வந்தாலும் ஒண்ணும் கேக்க முடியாது. சிம்பிள்.

— பாரஸ்ட்காரன் கெடக்கான். ஒங்க அம்மா பிளாரன்ஸ் என்ன கேட்டாக?

— அம்மாவா? ஹால்ல வைக்கச் சொன்னதே அம்மாதான். மாதா திருவிழாவுக்குச் சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் வருவாங்கல்லா. வாரவுக பாக்கட்டும்னாங்க. இப்ப பழைய மீன் தொட்டியில அடைச்சு வச்சிருக்கேன். பாக்கதுக்கு ஒரு இது இல்ல.

— பேரெல்லாம் வச்சிருக்கியா?

— இல்லாமயா? நான் போன போர்ட்டுப் பேரு. சிங்கப்பூரு, டர்பன், சாண்டோஸ், பனாமா.

— தூத்துக்குடின்னு ஒண்ணுக்கும் வைக்கலயா?

— இவுக அதிகம் நிக்காத போர்ட்டுப் பேர எப்பிடிண்ணே வைப்பாக?

— பாத்தீங்களா, இவ இப்பிடித்தான். ஒவ்வொரு லீவுக்கும் மெட்ராஸ்ல எறங்கி ஒண்ணு வாங்கிட்டு வாரேன். ஒரு தடவையாவது சந்தோசமா வாங்கியிருப்பாளா?

— மத்தவுக புருசன் சென்ட் பாட்டில் கொண்டு வாராக அண்ணே. எனக்கு இது. இருக்கட்டும். சென்ட் தீந்துரும். இது தீராது.

— நான் தெரியாமத்தான் கேக்கேன் ரெக்சன். நீ எப்ப கப்பலுக்குத் திரும்பிப் போற?

— கொடியேத்தம் பாத்துட்டுக் கெளம்புதேன். எட்டு மாசம்.

— அதுவரைக்கும் இந்த நாலு போர்ட்டையும் யாரு பாக்கது?

— இவதான். மொதல்ல பயந்தா. இப்ப கொஞ்சம் பழகிட்டா.

— கொஞ்சம்தான் அண்ணே. தண்ணி மாத்துவேன், பீய அள்ளுவேன், ஐஸ்ல வச்ச எலிய வெந்நியில எளக்கிக் குடுப்பேன், தோலு சரியா உரியலன்னா ஈரத்துணி வச்சு எடுத்துவிடுவேன். மிச்சத்த எல்லாம் இவுக வாட்ஸாப்புல பாத்துக்கிடுதாக.

— எலிய எங்கம்மா வைக்கீக? ஒங்க மாமி ஃப்ரிட்ஜுலயா?

— சாளை மீனுக்குப் பக்கத்துல எலியான்னு கேட்டாக. நியாயந்தானே. அந்த ஃப்ரிட்ஜுல என் மோருக்கே எடம் கெடையாது. ஐஸ் பெட்டி ஒண்ணு வாங்கிக் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். எலியும் மோரும் அதுலதான்.

— சரி. கூட்டுக்கு வருவோம். நாலயும் ஒண்ணாப் போட்டா அடிச்சிக்கிடாதாலே?

— அடிச்சிக்கிடுததா? ஒண்ணு மேல ஒண்ணு தலைய வச்சுத்தான் படுத்திருக்கும் அண்ணே. அவ்வளவு பாசம். போட்டோ காட்டுதேன், பாருங்க. கண்ணு பட்டுரும்.

— அது பாசம் இல்லண்ணே. மாமிக்காக ஹால்ல எப்பவும் ஏசி ஓடுது. தொட்டிக்குள்ள ஒரு மூலையிலதான் சூடு. நாலுக்கும் அந்த எடம்தான் வேணும். பெருசு போயி மேல படுத்துக்கிடுது. சின்னது அடியில கெடந்து நசுங்குது. இவுக அத கட்டிப்பிடிச்சிருக்குன்னு போட்டோ எடுத்துக் குரூப்புல போடுதாக. எல்லாரும் ஹார்ட் போடுதாக.

— நீ சும்மா கதை கட்டாத.

— பனாமா எப்ப கடைசியாத் தின்னுச்சுன்னு சொல்லுங்க.

— போன... அது என்னமோ, போன வாரம் தின்னுருக்கும்.

— நீங்க லீவுல வாரதுக்கு முன்னால தின்னது. முதுகெலும்பு வெளிய தெரியுது அண்ணே. இன்னும் அந்தத் தொட்டிக்குள்ளயே போட்டா போயிரும்.

— நல்லாத்தானே இருக்கு? சத்தமில்லாம ஒரு மூலையில கெடக்கு.

— சத்தமில்லாம மூலையில கெடந்தா நல்லாருக்குன்னு அர்த்தமாக்கும்?

— ஏம்மா, நாம பாம்பப் பத்தித்தானே பேசுதோம்?

— பாம்பப் பத்தித்தான் அண்ணே.

— இல்ல, ஒரு வார்த்த கேட்டுக்கிட்டேன். மேல சொல்லு.

— ஒண்ணுக்கு ஒரு கூடு வேணும். நாலுக்கு நாலு. ஒண்ணோட மூஞ்சிய இன்னொண்ணு பாக்கக் கூடாது. அதுக அப்பிடி வாழப் பெறந்ததுகதான்.

— அண்ணே, இவ பேச்சக் கேக்காதீங்க. எல்லாம் ஒண்ணா இருந்தாத்தான் அழகு. எங்க வீட்டையே எடுத்துக்கோங்க. அம்மா, அண்ணன், மைனி, பிள்ளைக, நாங்க, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. ஒரு நாளாவது சண்டைச் சத்தம் வெளிய கேட்டிருக்கா?

— எம் பட்டறை ஒங்க வீட்டுக்கு மறு தெருவுதான் ரெக்சன். ஒங்க வீட்டுச் சத்தம் கேட்டு மெஷினு ரிப்பேராயிட்டோன்னு ரெண்டு தடவ நிப்பாட்டிப் பாத்திருக்கேன்.

— அது சும்மா பேச்சுச் சத்தம். இவளும் தனி வீடு, தனி வீடுன்னு நாலு வருசமா சொல்லுதா. நான் மாட்டேன்னா சொன்னேன்? இந்த வாயேஜ் முடியட்டும்னேன்.

— ஆமாண்ணே. ஒவ்வொரு வாயேஜுக்கும் அதே வார்த்ததான். துருப்பிடிக்காம வச்சிருக்காக.

— இவளுக்கு மணப்பாட்டுப் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைன்னு ஆர்டர் வந்துச்சு அண்ணே. தெனம் அம்புட்டுத் தூரம் யாரு போயிட்டு வாரது? வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்.

— பண்ணிட்டோம்னா யாரு யாரு?

— நான். அம்மா.

— அந்த நாலு பாம்பும் ஓட்டுப் போட்டுச்சா?

— இருக்கட்டும் அண்ணே. கூட்டப் பாப்போம். நாலு பக்கமும் கண்ணாடி வேண்டாம். எல்லாப் பக்கமும் ஆளு தெரிஞ்சா அதுக்கு ஒளிய எடம் இல்லாமப் போயிரும். மூணு பக்கம் பலகை, முன்னால மட்டும் கண்ணாடி.

— மேல மூடி?

— மேல தொறக்கக் கூடாது. தலைக்கு மேல இருந்து கை எறங்குனா பருந்து வாரதா நெனச்சு ஒடுங்கிரும். முன்பக்கம் தொறக்கணும். அதுவும் மெதுவா.

— கதவத் தட்டிட்டு வரணும்னு சொல்லுத.

— எங்க வீட்டுல அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லண்ணே. ரூம்புக்குள்ள நான் இருக்கேன்னு தெரிஞ்சாலும் நேரா வந்துருவாக.

— ஏளா, அம்மாவ எதுக்கு இதுல இழுக்க?

— நான் பருந்தச் சொன்னேன்.

— மூணு பக்கம் பலகை, முன்னால கண்ணாடி, முன்பக்கம் தொறக்கணும். ஏம்மா, நீ சொல்லுதது அப்பிடியே என் சுரூபக் கூடுல்லா? நான் புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாம் போலிருக்கே.

— ரெண்டு பக்கமும் காத்துக்கு ஓட்டை போடணும் அண்ணே. ஒரு பக்கம் கீழ, ஒரு பக்கம் மேல.

— அது ஒண்ணுதான் புதுசு. எங்க அந்தோணியாருக்கு மூச்சு முட்டினதில்ல.

— வார்னிஷ் அடிச்சா வாசம் சுத்தமாப் போறவரைக்கும் காயணும். பூச்சிக்கு உருண்டை கிருண்டை எதும் உள்ள போட்டுராதீங்க. தள்ளுற கண்ணாடிக்குப் பூட்டு வேணும். மூக்கால நெம்பி நெம்பித் தொறந்துரும்.

— கடைக்காரன் ஷோகேசுல போடுவாங்களே, அந்தப் பூட்டுப் போதுமா?

— போதும். உள்ள ஒவ்வொண்ணுக்கும் ஒளிஞ்சுக்கிட ரெண்டு எடம். சூட்டுப் பக்கம் ஒண்ணு, குளுந்த பக்கம் ஒண்ணு. பதுங்கவும் வேணும், எங்கன பதுங்கன்னு அதுவே முடிவு பண்ணவும் வேணும்.

— ஒரு பாம்புக்கு ரெண்டு ரூம்பா? ஏலே ரெக்சன், நீ அடுத்த பிறவியில பனாமாவாப் பெறந்துரு.

— அதத்தான் அண்ணே நானும் சொல்லுதேன். பாம்புக்கு எதுக்கு இவ்வளவு வசதி? எங்க வீட்டுல மனுசங்களுக்கே ரெண்டு ரூம்பு கெடையாது.

— ஆமா. எனக்குப் பாத்ரூம்புதான். அதுக்கும் வெளிய ஆளு நிக்கும்.

— அந்த ஊதா லைட்டு?

— வேண்டாம்.

— ஏளா, லைட்டு இல்லாம எப்பிடி? வாரவுக என்னத்தப் பாப்பாங்க?

— வாரவுகளுக்கு டிவி இருக்குல்லா. பாம்பு பாக்கதுக்குன்னு பெறக்கல.

— தம்பி, நீ நூறு கேள்வி கேட்டாலும் ஒம் பொஞ்சாதி கையில பதில் இருக்கு. விட்டுரு. நாலு கூடு. முடிஞ்சுதா?

— அஞ்சாவதா ஒண்ணு வேணும் அண்ணே.

— பாம்பு நாலுதானே இருக்கு?

— வெளிய இருந்து வாரத நேரா உள்ள விடக் கூடாது. வேற ரூம்புல தனியா வைக்கணும். உண்ணி இருக்கா, ஒழுங்காத் திங்குதா, சீறுதான்னு கொஞ்ச நாள் பாக்கணும். சரியா இருந்தா உள்ள எடுத்துக்கிடலாம்.

— இல்லேன்னா?

— எங்கன இருந்து வந்துச்சோ அங்கனயே திருப்பி அனுப்பிர வேண்டியதுதான்.

— வெளங்கிட்டா அண்ணே? அடுத்த லீவுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுதா. வாயத் தொறந்து கேக்க மாட்டா. இதுதான் எங்க விஜிலா.

— அடுத்த லீவுக்கு வாரது எதுவா இருந்தாலும் எடம் தயாரா இருக்கட்டும். அதுக்கு அளவு கடைசில சொல்லுதேன் அண்ணே.

— ஏ அப்பா, சிரிப்பப் பாரு இவனுக்கு. சரி, சுவத்துக்கு வாங்க. கூடு ஒண்ணு நாலடின்னு வச்சுக்கிடுவோம். ரெண்டு மேல ரெண்டா அடுக்கினா எட்டடிச் சுவரு வேணும். ஒங்க ஹாலு எனக்குத் தெரியும், அங்கன உள்ள மாதா கூடு நான் செஞ்சதுதான். ஒரு பக்கம் சன்னல், ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் ஒங்க மாமி கட்டில். எட்டடி எங்கனம்மா இருக்கு?

— இருக்கு அண்ணே. வெயில் விழாத சுவரு, ஓதமும் இல்ல. நேத்து நானே டேப்பப் பிடிச்சு அளந்தேன்.

— ஏளா, நம்ம வீட்டுல எது அப்பிடிச் சுவரு? நேத்து நீ கோயிலுக்குல்லா போன?

— கோயிலுக்குத்தான் போனேன். மணப்பாட்டுக் கோயிலுக்கு. அங்கன இருந்து கொஞ்சம் நடந்தா அந்த வீடு.

— எந்த வீடு?

— நான் வாடகைக்குப் பிடிச்ச வீடு. திங்கக்கெழம பள்ளிக்கூடத்துல சேருதேன். வேண்டாம்னு முடிவு பண்ணது நீங்களும் மாமியும். அங்கன உள்ளவுக ஒங்க ரெண்டு பேரையும் வேலைக்குக் கூப்புடலயே.

— அண்ணே, நீங்க கேளுங்க. நான் இன்னும் கப்பலே ஏறல.

— நான் என்னத்தக் கேக்க? நான் கூடு செய்யுதவன். ஏம்மா, ஒங்க மாமிக்குத் தெரியுமா?

— இவுக சொல்லுவாக. ஒண்ணா இருக்கதுதான் அழகுன்னு எல்லாருக்கும் எடுத்துச் சொல்லுதவுக, இதச் சொல்ல மாட்டாகளா?

— பாம்பு என்னோடது, ஞாபகம் வச்சுக்க.

— சரி. வச்சுக்கோங்க. நாலையும் இப்பவே ஒங்க பையில போட்டு விடுதேன். கப்பல்ல எந்த ரூம்புல வைப்பீக? பனாமாவுக்கு எலி எந்தச் சூட்டுல குடுக்கணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, விட்டுட்டுப் போறேன்.

— இரு, போன்ல பாத்துச் சொல்லுதேன்.

— சொல்லுலே. பதிலத்தானே கேக்கா.

— ஏளா விஜிலா. விளையாடாத. வீட்டுக்குப் போயிப் பேசிக்கிடுவோம்.

— நாலு வருசமா வீட்டுக்குப் போயித்தானே பேசிக்கிட்டிருக்கோம். எந்த ரூம்புல பேச? அண்ணே, திருவிழா வேலை முடிஞ்சப்புறம் செஞ்சாப் போதும். அதுவரைக்கும் நாலு பிளாஸ்டிக் டப்பாவுல ஓட்டை போட்டுத் தனித்தனியா வச்சுக்கிடுதேன். வண்டியில ஏத்தி மணப்பாட்டுக்கு அனுப்பிருங்க.

— அனுப்புதேன். பூட்டுச் சாவி எத்தன செட்டு?

— ஒண்ணு.

— அப்ப லீவுக்கு வந்தா நான் எங்கன எறங்க? சொல்லுளா. நான் எங்கன எறங்க?

— இருலே, எனக்கும் வேலை கெடக்கு. ஏம்மா, அந்த அஞ்சாவது கூட்டுக்கு இன்னும் அளவு சொல்லலயே.

— அது நீங்க செய்ய வேண்டாம்ண்ணே. வாசப் பக்கம் ரூம்பு ஒண்ணு தனியா இருக்கு. ஒழுங்காத் திங்குதாகளா, சீறுதாகளான்னு கொஞ்ச நாள் பாத்துட்டு உள்ள எடுத்துக்கிடுதேன்.