நடிக்காத விழுதல்

கடைசி வருடம் லேசு என்று சொல்கிறவர்கள் பொறியியலில் கடைசி வருடம் படித்திருக்க மாட்டார்கள். ஆய்வுத் திட்டம் ஒன்றை முடித்துக் காட்ட வேண்டும். முடிக்காவிட்டால் அத்தனை வருடப் படிப்பும் அம்போ. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம் சார். எனக்கு அப்படி இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

நான் செய்தது ஓர் இடுப்புப் பட்டை. வயதானவர்கள் கட்டிக்கொண்டு நடமாட வேண்டும். விழுந்தால் பட்டை தானாகவே கண்டுபிடித்து, வீட்டில் இருப்பவரின் கைபேசியில் மணி அடிக்கும். யாரிடம் சொன்னாலும் நல்ல காரியம் என்றுதான் சொன்னார்கள்.

விழுதல் என்றால் என்னவென்று பட்டைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமல்லவா? நானும் என் கூட்டாளியும் மெத்தையைப் போட்டு மாறி மாறி விழுந்தோம். பட்டை பதிந்துகொடுத்த அசைவு வரைபடத்தைப் பார்த்துப் பேராசிரியர் சிரித்தார்.

"விழுந்தீங்களா, விளையாடினீங்களாப்பா? முன்னாடியே முட்டி மடங்குது பாரு. விழப்போறோம்னு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. நிஜமா விழறவங்களுக்கு அது தெரியாது. நடிச்சதெல்லாம் கணக்குல சேராது. நிஜத்தைக் கொண்டா, அப்புறம் பேசலாம்."

கூட்டாளி அத்தோடு வேறு குழுவுக்குத் தாவிவிட்டான். மகராசன், நன்றாக இருக்கட்டும்.

வீட்டில் நானும் பெரியம்மாவும்தான். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அம்மாவின் அக்காவான அவள்தான். தையல் மிஷின் மிதித்துப் படிக்கவைத்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? எனக்குக் கட்டிவிடு கண்ணு. இந்த வயசுல விழாமயா இருக்கப்போறேன்?"

பட்டைக்கு அவளே உறை தைத்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஆனால் விழவில்லை. வாரக்கணக்கில் கல்லுக்குண்டு மாதிரி நடந்தாள். கல்லூரியில் திட்டத்தின் மூன்றாம் பரிசீலனை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்.

நான் அவளை ஒருநாளும் தள்ளியதில்லை. தள்ளினால் அது ஆய்வே இல்லை. அவளாக நடந்து, அவளாக விழ வேண்டும். நடைவழியைச் சோப்பு நீரால் துடைத்தேன். வீட்டு வேலை செய்கிற பிள்ளை என்று பக்கத்து வீட்டு அக்கா மெச்சினாள். பெரியம்மா சறுக்கி உட்கார்ந்தாள். வரைபடம் அழகாக வந்தது. அடுத்து, கண்ணாடிக்குப் புது வில்லை போடுகிறேன் என்று வாங்கிப்போய், கடையில் கொடுக்காமல் பையிலேயே வைத்திருந்தேன். வாசல் நிலைப்படியில் இடறினாள். பிறகு குளியலறை மிதியடியின் அடியிலிருந்த ரப்பரை உரித்தேன். அப்போதுதான் மணிக்கட்டு முறிந்தது. வயதானால் எலும்பு அப்படித்தான் என்றார் மருத்துவர். அவரே சொன்னபிறகு நான் என்ன சொல்ல?

கட்டுப் போட்ட கையோடு வீடு திரும்பும்போது பெரியம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ தொட்ட இடமெல்லாம் எனக்கு வழுக்குதே, அது ஏன் கண்ணு?"

நான் ஆட்டோவுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

பேராசிரியர் கைபேசியில் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். "இதுதான்டா வரைபடம். மாடிப்படியில விழுந்தது மட்டும் ஒண்ணு கிடைச்சா காலேஜ்ல முதல் பரிசு உனக்குத்தான்" என்றார். பெரியம்மா பக்கத்து அறையில் ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் நான் எதுவும் செய்யவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சோப்பு இல்லை, ஒன்றும் இல்லை. செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பெரியம்மா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பட்டையைச் சரியாகக் கட்டிவிடச் சொன்னாள்.

"இது ஓடுதாடா?"

"ஓடுது பெரியம்மா."

"நல்லாப் பார்த்துச் சொல்லு. அப்புறம் பதியலன்னு சொல்லக்கூடாது."

தலையைத் தடவிவிட்டு, மொட்டைமாடியில் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மொட்டைமாடியில் துணியே காயப்போடவில்லை என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. என் பட்டை தவறவே இல்லை. வரைபடம் முழுதாக வந்து சேரட்டும் என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அலறுவது கேட்டது. வந்துகொண்டிருக்கிறேன் என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். படிக்கட்டின் அடிக்குப் போனபோது பெரியம்மாவிடம் மூச்சு இல்லை.

அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை சார். வரைபடத்தைப் பாருங்கள். மேல்படியில் நிற்கிறாள். நெடுநேரம் நிற்கிறாள். பிறகு முட்டி மடங்குகிறது, இடுப்பு தாழ்கிறது, அதற்கப்புறம்தான் விழுகிறாள். நாங்கள் மெத்தையில் செய்த அதே வேலை. கேட்டிருந்தால் இது உதவாது என்று நானே சொல்லியிருப்பேன்.

மற்ற மூன்றும் என்னுடையவை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இது நடித்தது. என் ஆய்வறிக்கையிலேயே இதை நான் சேர்க்கவில்லை. உங்கள் வழக்கில் நீங்களும் சேர்க்கக்கூடாது.