ஐந்தாவது போத்தல்

நான் தேநீருக்குச் சீனி போடுவதில்லை, டொக்டர். சுருட்டு, சாராயம், இறைச்சி ஒன்றும் கிடையாது. நாற்பத்தாறு வயதாகிறது, காய்ச்சல் என்று ஒருநாள்கூடப் பாயில் கிடந்ததில்லை. முருகன் தந்த உடம்பு. நடந்துகொண்டே பேசுகிறேன், குறை நினைக்க வேண்டாம். கொஞ்ச நாளாக ஒரு கதிரையில் கனநேரம் இருக்க முடிவதில்லை.

ஐந்து போத்தல்களிலும் ஒரே ஆளின் சளிதான் இருந்ததென்று உங்கள் ஆய்வுகூடம் கண்டுபிடித்திருக்கிறது. அது சரி. அந்த ஆள் நான்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், சண்டை நின்று கொழும்புப் பாதை திறந்த சமாதான காலத்தில், ஸ்கந்தபுரத்துக்கு வந்து என்னை இந்த வேலைக்கு எடுத்தீர்கள். நுரையீரல் புற்றுநோய் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே, சளியில் வருகிற செல்களின் சில மரபணுக்கள்மேல் மெதைல் என்ற சின்னக் குறி ஏறியிருக்கும், அது ஏறினால் காவல் நிற்கிற மரபணு வாயை மூடிவிடும் என்று விளங்கப்படுத்தினீர்கள். சுருட்டுக் குடிக்கிறவர்கள் விடியற்காலையில் நெஞ்சிலிருந்து இருமித் துப்புவதைப் போத்தலில் வாங்கி, ஐஸ் பெட்டியில் ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அப்பால், உங்கள் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல உடம்பும் வேண்டுமென்றீர்கள். முதல் போத்தல் என்னுடையது.

அடுத்த மூன்றும் இரக்கத்தில் நடந்தவை. சுருட்டுக் குடிக்கிற பின்வளவு வீரம்மாக்கா மூன்று விடியலாக இருமிப் பார்த்து அழுதுவிட்டா. "ஒண்டும் வருதில்லைத் தம்பி, நெஞ்சுதான் நோகுது." போத்தலை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பிறகு அதேபோல நடராசா, சின்னராசா. உங்கள் நான்கு கடிதங்களும் 'குறி இல்லை' என்று வந்தன. வீரம்மாக்கா வைரவருக்கு வடைமாலை சாத்தினா. ஒரு சின்ன உதவி ஒரு மனிதரை எவ்வளவு சந்தோசப்படுத்துகிறது என்று அன்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

ஐந்தாவது, பக்கத்து வளவுச் சிற்றம்பலம் அண்ணை.

"வன்னியை விட்டு வெளிய போக எனக்கே பாஸ் தரமாட்டாங்கள். என்ர சளி மட்டும் பாஸ் இல்லாமல் கொழும்பு பாக்கப் போகுதோ, தயா?" என்று சிரித்தபடி போத்தலை நீட்டினார்.

வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்தி வெயிலில் தூக்கிப் பார்த்தேன். சளிக்குள் சிவப்பாக ஒரு இழை ஓடியது. ஆவணியில் அவர் மகள் சாரங்காவுக்குக் கலியாணம். அந்த வீட்டில் அப்போது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போத்தலைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கொதிதண்ணீரில் மூன்று தரம் கழுவினேன். பிறகு என்னுடையதை வைத்தேன். என்னுடையது சுத்தம் என்று அப்போது எனக்குத் தெரியும்.

கடிதம் கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்னதாக வந்தது. "இந்தா பாருங்கோ, என்ர நெஞ்சுக்குச் சேட்டிபிக்கற்!" என்று பந்தலில் எல்லோருக்கும் காட்டிவிட்டு ஒரு சுருட்டைப் பற்றவைத்தார்.

மார்கழியில் மெலிந்துபோனார். "தம்பி, இவரை ஒருக்காக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டுவமோ?" என்று அவர் மனைவி நேசமலரக்கா கேட்டா.

"கடிதத்தில இல்லை எண்டுதானே கிடக்கு, அக்கா. சும்மா ஏன் அந்த மனுசனை அலைக்கிறியள்?" என்றேன்.

பாதை அப்போதும் திறந்துதான் இருந்தது. சொல்லிவிடலாமென்று தினமும் அவர்கள் படலைவரை போய்த் திரும்பினேன். சொன்னால் மற்ற மூன்று போத்தல்களையும் சொல்ல வேண்டும். மூன்று வீட்டு நிம்மதி கெடும்.

இந்தத் தையில் இறந்தார். வெறும் சளிக்கட்டு என்று கடைசிவரை நம்பியிருந்தார். எங்கள் ஊரில் அவ்வளவு பயமில்லாமல் யாரும் செத்ததில்லை. வேளைக்கே வெட்டி எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். தயாபரன்தான் அவரைச் சாகவிட்டான் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

வீரம்மாக்கா இப்போது இருமத் தொடங்கியிருக்கிறா. அந்தச் சத்தம் வேலிக்கு மேலால் வரும்போதுதான் எனக்கு இருப்புக் கொள்ளுவதில்லை. நேற்றும் கூப்பிட்டுக் கேட்டா. கடிதத்தை எடுத்து இன்னொருக்கா வாசித்துக் காட்டினேன். முகம் தெளிந்துவிட்டது.

சிற்றம்பலம் அண்ணையின் கடிதத்தை நேசமலரக்கா என்னிடமே தந்துவிட்டா. முருகன் படத்துக்குக் கீழே, என்னுடையதோடு வைத்திருக்கிறேன். ஐந்திலும் ஒரு குறிகூட இல்லை, டொக்டர். வேண்டுமென்றால் ஆறாவது போத்தலும் தருகிறேன், சோதித்துப் பாருங்கள்.