கன்னிமாருக்குச் சாத்திய ஒன்பது துணிகள்

தலைமையேற்று, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வீற்றிருக்கும் பாசனச் சங்கத் தலைவர் சென்னிமலை ஐயா அவர்களே! காடு கழனியை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே! உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே! பள்ளிபாளையத்துப் பெருமக்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் முருகானந்தம், தறிக்காரன். வழக்கில் சிக்கிய அந்தச் சாயப்பட்டறையின் நூலை வாங்கி லுங்கி நெய்தவன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எனக்கு அது வேண்டியதுதான்!

நம் நல்லம்மாள் அக்காவின் கிணற்றில் சாயம் இறங்கியதை ஊர் அறியும். தென்னை கருகியது, மாடு வாய் வைக்க மறுத்தது, இன்னும் ஓராண்டு போனால் அவர் தோட்டத்தையே விட்டுப் போக வேண்டும். கேட்டால் என்ன சொன்னார்கள்? பட்டறையை விற்றவர், "நான் விற்று மூன்றாண்டாயிற்று" என்றார். வாங்கியவர், "நான் வருமுன்பே கெட்ட கிணறு" என்றார். அப்படியானால் கெடுத்தது யார்? காற்றா? கடவுளா?

ஆடிப்பெருக்கன்று புது வெள்ளைத் துணியைக் கிணற்று நீரில் நனைத்துக் கிணற்றடிக் கன்னிமார் கற்களுக்குச் சாத்துவது அக்கா வீட்டு வழக்கம். பழைய துணியைக் காவிரியில் விட வேண்டும். அக்கா விடவில்லை! சாமிக் குற்றம் என்று ஊரே ஏசியது, நானும் ஏசினேன். அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"ஆத்துலயே நொரை பொங்கி ஓடுதுங்க. அதுல சாமி துணிய எப்படிங்க உடறது?"

ஒவ்வொரு துணியோடும் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துச் சுருட்டிப் பெட்டியில் வைத்தார். எதற்காம்? "ஆறு நல்லான பொறவு வருச வரிசையில உடோணுமில்லீங்க!"

அக்கா தொடுத்த வழக்கில் அந்தப் பெட்டி நீதிமன்றம் ஏறியது. ஒன்பது ஆண்டு, ஒன்பது துணி, மேசைமேல் விரிந்தது. முதல் இரண்டும் வெள்ளை. மூன்றாவது இளஞ்சிவப்பு. விற்றவர் காலத்தில் சிவந்தது. வாங்கியவர் காலத்தில் கறுத்தது! அந்தப் பட்டறைச் சாயமே என்று ஆய்வகமும் சொன்னது. நீதிபதி ஒவ்வொரு துணியையும் அதன் காலண்டர் தாளோடு ஒத்துப் பார்த்தார்.

பிறகு தீர்ப்பு வந்தது. கெடுத்தவர்தான் துலக்க வேண்டும்! விற்றதால் பொறுப்பு விலகாது! வாங்கியவர் பழையதைக் காட்டித் தப்ப முடியாது! கிணறும் மண்ணும் தெளியும்வரை இருவரும் சேர்ந்தே சுத்தம் செய்ய வேண்டும்! எத்தனை பெரிய சட்டம், ஒரு முழத் துணிக்குள் எப்படி அடங்கியது! பொறுங்கள், கைதட்டல் எனக்கு வேண்டாம். அதோ, கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்குத் தட்டுங்கள்!

சற்றுமுன் பொன்னாடையோடு அவரிடம் போனேன். கையை மடக்கிக்கொண்டார்.

"பட்டெல்லாம் வேண்டாஞ் சாமி. வெள்ளத் துணி ஒண்ணு குடுங்க. ஆடி வருதில்ல, நனைச்சுப் பாக்கோணும்."

அக்கா, இதோ! சாயம் தொடாத நூலில் என் தறியில் நானே நெய்தது. பத்தாவது துணி. இது என்ன நிறத்தில் வெளியே வருகிறது என்று பார்க்க, வரும் ஆடிப்பெருக்கன்று இந்த ஊரே உங்கள் கிணற்றடியில் நிற்கும். முதல் ஆளாய் நான் நிற்பேன்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட தலைவருக்கும் நன்றி. வணக்கம்!