அழிக்காத பைத்தான்

“பழைய பைத்தானை அழிக்க மாட்டேன்னு முதலாளிகிட்டயே சொல்லிட்டா மதினி!”

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில், என் மகளை மடியில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டேன். முன் சீட்டில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் இருவர். பேசியவரின் மகளுக்குக் காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை.

“பைத்தான்னா என்னடி?”

“புரோகிராம் எழுதுற பாஷையாம். காலண்டர் புரோகிராம் பழசுலதான் ஓடும். புதுசைப் போட்டாச்சு, பழசை அழிச்சிருன்னுட்டாக.”

“ரெண்டும் ஒரே பெட்டியில இருந்தா அடிச்சுக்காதா?”

“அதது கேக்குற சாமானை ஒண்ணாப் போட்டாத்தான் அடிச்சுக்குமாம். இவ தனித்தனியாப் பிரிச்சு வச்சிட்டா. பச்சை மருந்து சலிச்ச சல்லடையில செவப்பு மருந்தைச் சலிப்பமா? அப்படித்தான்.”

“வேலை போயிருந்தா?”

“அதச் சொல்லித்தான் அழுதேன். சொன்னதைச் செய்யிடின்னேன், கேக்கலையே! நேத்து காலண்டர் பூராவும் அச்சுக்குப் போயிருச்சு. இனிமே அவளைக் கேக்காம அந்தக் கம்ப்யூட்டர்ல எவனும் எதையும் ஏத்தக்கூடாதாம். முதலாளியே சொல்லிட்டாக.”

மதினி சிரித்தார். “ஒம் பேச்சைக் கேக்காத மகளுக்கா இம்புட்டுப் பெருமை?”

“பின்ன? எம் பேச்சைக் கேட்டிருந்தா காலண்டர் வந்திருக்குமா மதினி?”