சவரிராயனின் ஞாயிற்றுக்கிழமை போன்

— கொலுசக் கழட்டிக் கூடையில போட்டியா? நெசமாவே போட்டியா பவுலின்?

— போட்டேன். கார்கில்ல சண்ட போடுற ஜவானுங்களுக்கு முடிஞ்சதக் குடுங்கன்னு சாமியாரு பூசையில கேட்டாரு. எனக்கு முடிஞ்சது அதான்.

— நான் வேளாங்கண்ணியில வாங்கிக் குடுத்த கொலுசுடி அது! இந்தப் பூத்துல குந்திக்கினு, லோக்கல் காலு, எஸ்டிடி காலுன்னு காது செவுடாவுற மட்டும் கேட்டுக் கேட்டுச் சேத்த துட்டு.

— ஊரே போட்டுச்சு. டீச்சரம்மா மோதரம் போட்டாங்க. நீங்களுந்தான் கூடைக்குள்ள கைய வுட்டீங்க. ஒரு சத்தமும் வரல.

— நாயத்த சொல்லு. நான் எதுக்குப் போடணும்? சோப்பு வாங்குனா வரி, பீடி வாங்குனா வரி. அதுலதான பீரங்கி வாங்குறான், ஏரோப்ளேன் வாங்குறான்? அதுக்கு மேலயும் கோயிலுக்குக் கூடையத் தூக்கிக்கினு வந்தா இன்னா அர்த்தம்? நாட்டு பட்ஜெட்டு பூரா மிலிட்டரிக்குப் பூடுச்சு. வூட்டு பட்ஜெட்டு ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அத நீ போட்டுட்டு வந்துட்ட.

— அது பனி மலைங்க. சரியான சொட்டரு கூட இல்லாம, சாதா பூட்ஸ மாட்டிக்கினு ஏறுறாங்களாம். கால் வெரலு கருத்துப் பூடுதாம்.

— யாரு சொன்னா? பேப்பர்ல அப்டி ஒண்ணும் காணோமே. பட்டாளத்துலேர்ந்து சவரிராயன் சொன்னானா? பூட்ஸு சைஸும் சேத்துச் சொன்னானா?

— ஆண்டவரே! ஆரம்பிச்சிட்டீங்களா?

— நான் நாட்டு நடப்பு பேசுறேன். போன வருசம் அணுகுண்டு வெடிச்சாங்க. இனிமே எவனும் நம்மகிட்ட வாலாட்ட மாட்டான்னு டீக்கடையில அம்மாம் பேச்சு. ஒரு வருசம் ஆச்சா? வந்து மலை மேல ஏறி ஜம்முனு குந்திக்கினான். வானத்துல சாட்டிலைட்டு வுட்டோமே, அது இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு? ஆடு மேய்க்கிறவன் பாத்துச் சொல்லித்தான் தெரியுமாம். ஒரு நாளைக்கு வெடிக்கிற குண்டுத் துட்டுல நம்ம ஏரியத் தூர் வாரிடலாம்.

— ஏரிய வாரிட்டு, மலையெறங்கி வர்றவனுக்கு மீனு புடிச்சிக் கொழம்பு வெச்சிப் போடுவீங்களா?

— பாத்தியா, பாத்தியா! சுருக்குனு வருது பாரு கோவம். அவன் அங்க கீறான்னுதான உனக்கு இந்தியா மேல இம்மாம் பாசம்? சவரிராயன் தபாலாபீசுல இருந்தா, ஸ்டாம்பு வெலைய ஏத்துனா கூட நாயம்னு சொல்லுவ.

— அமல்ராணி வூட்டுக்காரருங்க அவரு. ரெண்டு புள்ளைக்கித் தகப்பன்.

— அதுக்கு முன்னாடி? அதுக்கு முன்னாடி உங்கப்பன் வாசல்ல வந்து உன்னப் பொண்ணு கேட்டவன். பட்டாளத்துக்கார மாப்பிள்ளைக்குக் குடுக்காம, எனக்குக் கட்டி வெச்சான் உங்கப்பன். அந்தக் கொறைய நீ இன்னும் மறக்கல.

— ஒம்போது வருசமா இதையே சொல்லிக்கினு கீறீங்க.

— சொல்லத்தான் செய்வேன். ஞாயித்துக்கெழம அவன் போன் மணி அடிச்சா, அடுப்புல கறிய வுட்டுட்டு ஓடியார்ற. அமல்ராணி பின்னாடி தெருவுலேர்ந்து வர்ற மட்டும் ரிசீவரக் காதுல வெச்சிக்கினு சிரிக்கிற. பாம்பேலேர்ந்து நம்ம தெரு விருத்தாசலம் பேசுனா மட்டும், இரு கூப்புடறேன்னு டொக்குனு மேசை மேல வெச்சிட்டுப் போற. அவன் கூடப் பேசுனா சிரிப்பு வராதா?

— அங்க கேம்ப்ல ஒரே ஒரு போனாம். அதுக்கு அம்மாம் நீள வரிசையாம். வெச்சிட்டா திரும்பக் கெடைக்காது. அவ வர்ற மட்டும் லைனப் புடிச்சி வெக்க எதையாச்சும் பேசுவேன். சரி சரி, வாய மூடுங்க. அமலு வருது.

— யக்கா... போனு வந்துச்சா?

— இல்லடி அமலு, இன்னும் வரல. கோயில்லேர்ந்து நேரா வர்றியா? முக்காட்டக் கூட எடுக்கல. குந்து. புள்ளைங்க எங்க?

— மாமியாகிட்ட வுட்டுட்டு வந்துட்டேன்க்கா. நேத்தெல்லாம் டிவியில பொட்டி எறக்குறதையே காட்டுறான். கொடி போத்தி, வரிசையா. எங்க இவரு பேரச் சொல்லிடுவாங்களோன்னு பயந்துக்கினு டிவிய நிறுத்திட்டேன். நிறுத்துனா, ஐயோ சொல்லிட்டாங்களோன்னு திரும்பப் போட்டேன். ராத்திரி முழுக்க இதே பொழப்பு.

— அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. மாதா கைவுட மாட்டா.

— டோமினிக் அண்ணே, போன வாரம் நெசமாவே போனு வரலியா?

— வரலம்மா. அன்னிக்கித்தான் லைனு டெட்டாச்சே. காலையிலேர்ந்து உசுரே இல்ல. எக்ஸ்சேஞ்சுல கம்ப்ளெயின்ட் பண்ணி, சாயந்தரந்தான் வந்துச்சு.

— அதில்லண்ணே... முந்தாநேத்து நான் ஓமந்தூருக்குப் போயிருந்தேன். அங்க அப்பாதுரைன்னு ஒருத்தரு, அவரு மவன் குமரேசனும் எங்க வூட்டுக்காரரும் ஒரே பட்டாளம். அந்தப் புள்ள வூட்டுக்குப் போன் பண்ணிருக்கு. சவரிராயன் அண்ணன் எனக்கு முன்னாடி நின்னாரு, மூணு தபா சுத்துனாரு, மூணு தபாவும் என்கேஜ்டுன்னு வந்துச்சுன்னு சொல்லிருக்கு.

— என்கேஜ்டா?

— ஆமாக்கா. அதுக்குள்ள வரிசையில பின்னாடி நிக்கிறவங்க சத்தம் போட்டாங்களாம். வுட்டுட்டு வந்துட்டாரு. அன்னிக்கி ராத்திரியே எங்க வூட்டுக்காரர மேல அனுப்பிட்டாங்க. மேலன்னா சண்ட நடக்குற எடத்துக்கு. அதுக்கப்பறம் ஒரு சேதியும் இல்ல.

— என்கேஜ்டுன்னா சொன்னான்? நல்லாக் கேட்டியா அமலு?

— அப்டித்தான்க்கா சொன்னாங்க. ஏங்க்கா?

— ஒண்ணுமில்ல.

— யக்கா, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்காத. அவரு உங்கிட்ட பேசுறப்ப சிரிக்கிறாருல்ல? இன்னா பேசிச் சிரிக்கிறாரு?

— இன்னாடி இது கேள்வி? ஊர்க்கத. யாரு வூட்டு மாடு கன்னு போட்டுச்சு, யாரு யாரோட சண்ட போட்டான்னு. அதான்.

— எங்கிட்ட வந்தா அழுவுறாரு. புள்ளைங்களப் பாத்துக்க, பாத்துக்கன்னு அதையே சொல்றாரு. சிரிப்பு பூராவும் உங்கிட்டயே தீந்து பூடுது. நான் ஓடியாந்து நிக்கிறப்ப, உங்கையில போனப் பாத்தா... மனசு ஒரு மாதிரி ஆவுதுக்கா. முன்னாடி உன்னத்தான் பொண்ணு கேட்டாராமே.

— யாரு சொன்னது?

— இந்த டோமினிக் அண்ணந்தான் டீக்கடையில சொல்லிக்கினு இருந்தாராம். ஊருக்கே தெரியுது. அவர நான் கேட்டதில்ல. போன்ல கேக்குற சமாச்சாரமா அது? லீவுல வந்தா புள்ளைங்க கூடவே இருக்கும். வுடுக்கா. உசுரோட வந்தா போதும், யாரு கூட வேணா சிரிக்கட்டும்.

— நீ உள்ள போடி அமலு. அடுப்பு மேல காப்பி கீது, ஊத்திக் குடி. மொகமெல்லாம் வாடிக் கெடக்குது. மணி அடிச்சா நான் கூப்புடறேன், போ.

— சரிக்கா.

— இன்னா பவுலின், என்னையே மொறைக்கிற?

— மெதுவாப் பேசுங்க, உள்ள அவ கீறா. நீங்க பூத்து வெச்சி எத்தன வருசம் ஆச்சு?

— ஆறு வருசம். அதுக்கு இன்னா இப்ப?

— லைன் டெட்டா இருந்தா, வெளியேர்ந்து கூப்புடறவனுக்கு எப்டிக் கேக்கும்?

— எப்டின்னா... மணி அடிச்சிக்கினே இருக்கும்.

— ரிசீவரக் கீழ எடுத்து வெச்சிருந்தா? சொல்லுங்க. வர்ற கஸ்டமருக்கெல்லாம் வெளக்கம் சொல்றீங்களே, எனக்கும் சொல்லுங்க.

— என்கேஜ்டு.

— போன ஞாயித்துக்கெழம காலையில பேப்பர மேசை மேல அகலமா விரிச்சி வெச்சிக்கினு படிச்சீங்க. ஏரோப்ளேன் இம்மாம் வெல, பீரங்கி இம்மாம் வெலன்னு படிச்சிக் காட்டுனீங்க. நான் மேசையத் தொடைக்கணும், பேப்பர எடுங்கன்னேன். எடுக்கல. ரிசீவரு அதுக்குக் கீழதான இருந்துச்சு?

— கத்தாத.

— நான் கத்தல. நீங்க சொல்லுங்க.

— ஒரே ஒரு வாரம் உன் சிரிப்பக் கேக்காம இருக்கலாம்னு பாத்தேன். அம்புட்டுதான். அடுத்த வாரம் பேசிக்கட்டும்னு நெனச்சேன். அன்னிக்கே மேல போவான்னு எனக்கு இன்னா தெரியும்?

— பொண்டாட்டி கொரல ஒரு தபா கேட்டுட்டு சண்டைக்குப் போவலாம்னு மனுசன் வரிசையில நின்னிருக்காரு. மூணு தபா சுத்துனாரு. இங்க நீங்க போனு மேல பேப்பரப் போத்திக்கினு குந்தியிருக்கீங்க. நீங்கதான் பெரிய நாட்டு நடப்பு பேசுறவரு!

— எனக்கு வயிறு எரிஞ்சிச்சுடி. யாருகிட்ட சொல்ல? அவன் யூனிஃபாரம் போட்டுக்கினு தெருவுல வந்தா ஊரே எழுந்து நிக்குது. கேன்டீன்லேர்ந்து ரம்மு கொண்டாந்தியா, குக்கரு கொண்டாந்தியான்னு அவன் பின்னாடியே போவுறாங்க. நான் இந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள குந்திக்கினு, ஊரான் பேச்சுக்கு மீட்டர் பாத்துக்கினு கீறேன். உனக்கும் அவந்தான் ஒசத்தின்னா நான் இன்னா பண்ணுவேன்?

— ஆண்டவரே...

— நாயத்த சொல்லு. அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா ஆவேன்? இந்தப் பூத்தத் தெறக்க எனக்குக் கை வருமா?

— மணி அடிக்குது. எடுங்க.

— நீ எடு.

— நான் எடுக்க மாட்டேன். நீங்கதான் எடுக்கணும்.

— அலோ... ஆமா, டோமினிக்குதான். யாரு? சத்தமாப் பேசு... சவரியா? டேய் சவரி! உசுரோட கீறியாடா! பவுலின், உள்ள ஓடு, அமலக் கூப்புடு, ஜல்தி!... இல்லடா, உன்னையில்ல. எங்கேர்ந்து பேசுற?... ஆஸ்பத்திரியா? எங்க பட்டுச்சு?... தொடையிலயா? எலும்புக்கு ஒண்ணும் ஆவலியே?... வெச்சிடாத, வெச்சிடாத, அவ வந்துக்கினே கீறா. இங்கயா? இங்க இன்னா, வெயிலு கொளுத்துது. மழையே இல்ல. மல்லாட்ட வெத போடாம எல்லாரும் வானத்தப் பாத்துக்கினு கீறாங்க. நேத்து சக்கரபாணி வூட்டு எரும கோயிலுக்குள்ள பூந்துடுச்சு, சாமியாரு கொடையால அடிச்சித் தொரத்துறாரு... எதுக்குடா சிரிக்கிற? டேய், எரும பூந்ததுக்கா இப்டிச் சிரிக்கிற?... இந்தா, வந்துட்டா.

— குடுங்கண்ணே... அலோ. நாந்தான்... ம்... ம்... கட்டுப் போட்டுட்டாங்களா? வலிக்குதா?... நல்லாக் கீறாங்க. சின்னவன் பல்லு வுழுந்துடுச்சு... ஆமா, கூரை மேல போட்டுட்டான்... லீவு குடுப்பாங்களா?... சரி... சரி, நான் அழுவல... வெச்சிடுங்க, பின்னாடி நிக்கிறாங்களே.

— இன்னாடி சொன்னாரு?

— பொழச்சிக்கினாருக்கா. காலு சரியானதும் லீவாம். வர்ற மாசம் விழுப்புரம் வந்துடுவேன்னாரு. பையன் பல்லு வுழுந்ததுக்குச் சிரிச்சாருக்கா. எங்கிட்டயே சிரிச்சாரு! நான் போயி மாமியாகிட்ட சொல்லிட்டு வர்றேன். அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

— பாத்துப் போம்மா. மெதுவா... பவுலின், அவ போயிட்டா. நீ எதுக்கு இப்ப அழுவுற? அதான் பொழச்சிக்கினானே.

— புண்ணியமாப் போவும்னு சொல்லிட்டுப் போறா, பாத்தீங்களா?

— பாத்தேன். எனக்கும் செருப்பால அடிச்ச மாதிரிதான் கீது. எரும கத கேட்டுச் சிரிக்கிறான்டி. நான் பேசுனாலும் சிரிக்கிறான். ஊர்லேர்ந்து எவன் பேசுனாலும் சிரிப்பான் போல கீது. இதுக்கா நான் இந்தப் பாடுபட்டேன்?

— வுடுங்க.

— வுட முடியாது. நான் முடிவு பண்ணிட்டேன். அவன் லீவுல வரட்டும். நானே விழுப்புரம் ஸ்டேசனுக்குப் போயி அவனக் கூட்டியாருவேன். அவனையும் அமல்ராணியையும் ஒண்ணா நிக்க வெச்சி, அன்னிக்கிப் போன எடுத்து வெச்சவன் நாந்தான்னு சொல்லிடப் போறேன்.

— சொல்லுங்க. அது நாயந்தான்.

— எதுக்கு வெச்சேன்னும் சொல்லுவேன். டேய் சவரி, எம்பொண்டாட்டிய நீ பொண்ணு கேட்டவன், அது எனக்கு ஒம்போது வருசமா நெஞ்சுல முள்ளாட்டம் குத்திக்கினு கெடந்துச்சு, என்ன மன்னிச்சிடுடான்னு...

— வாணாங்க.

— இன்னா வாணாம்?

— போன எடுத்து வெச்சத சொல்லுங்க. பொண்ணு கேட்டத சொல்லாதீங்க.

— ஏன்? ஊருக்கே தெரிஞ்சது. அவனுக்குத் தெரியாததா?

— அவருக்குத்தாங்க தெரியாது. கண்ணாலம் ஆன புதுசுல, உங்க மாமம்பொண்ணு ரோஸ்லின் அப்டி, ரோஸ்லின் இப்டின்னு பொழுதுக்கும் அவளையே பேசிக்கினு இருந்தீங்க. வயித்தெரிச்சல் தாங்காம, என்னையும் ஒரு பட்டாளத்துக்காரன் கேட்டான்னு நானா ஒரு பேரச் சொன்னேன். அந்த மனுசன் எங்கப்பா வூட்டு வாசல மிதிச்சதே கெடையாது.